தள்ளி நிற்க வேண்டியது மைக்தான்

(பறைக் குழுக்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலேர்ந்து அடிச்சு ஆடிக் களைச்சுப்போய் உக்காந்திருக்கீங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு 'குறைந்த செலவில் வீட்டிலேயே ஒலிப்பதிவு'. தலைப்பப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டாரு: "இது கடைக்காரன் பேச வேண்டிய விஷயமாச்சே தோழர், விடுதலை இயக்கத்துல எதுக்கு?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் மைக்குக்கும் ஒயருக்கும் வரணும்.

சில வருஷத்துக்கு முன்னால எங்க குழு நகரத்துல ஒரு ஸ்டுடியோவுக்குப் போச்சு. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. கூலி வேலைக்குப் போற பிள்ளைகள் மூணு மாசம் சேர்த்து வச்ச காசு. நாலு பறை, ரெண்டு குரல். உள்ளே ஏ.சி. அரை மணி நேரத்துல தோல் இறங்கிப் போச்சு. 'தொப் தொப்'னு சத்தம். கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிக்கிறோம், வாசல்லயாவது இடம் கொடுங்கன்னு கேட்டோம். ஒலிப்பதிவாளர் சிரிச்சாரு. அப்புறம், "இவ்வளவு சத்தம் வேணாம், மெதுவா அடிங்க"ன்னாரு. மெதுவா அடிச்சோம். அது பறையாவே இல்ல. கடைசியில, "நீங்க பாட்டை மட்டும் பாடுங்க, அந்தச் சத்தம் கம்ப்யூட்டர்லயே இருக்கு, நான் போட்டுக்கிறேன்"னு முடிச்சுட்டாரு. பாட்டு வந்தது. குரல் எங்களது. பறை யாருடையதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த மனுசன் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தாரு. சாதி கேட்கல. ஆனா அவருடைய காது எதுக்குப் பழகியிருந்ததோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் அந்த அறை இருந்தது, மைக் இருந்தது, நேரக்கணக்கு இருந்தது. வீணைக்கும் வயலினுக்கும் கதவு திறந்து வச்சிருக்கிற அறையில பறை வந்தா அது 'சத்தம்' ஆயிடுது. எது இசை, எது இரைச்சல் என்பதைச் சபாக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை தோழர்களே. ஒலிப்பதிவு அறையில் மைக் வைப்பவனும் முடிவு செய்கிறான். அவனுக்கே தெரியாமல் முடிவு செய்கிறான்.

கொஞ்சம் வரலாறு. 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாடியது அப்போதுதான். அதற்கென்று கட்டிய ஸ்டுடியோ எதுவும் கிடையாது. ஓட்டல் அறையைத்தான் பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவின் ஒலிப்பதிவு வரலாறே ஒரு வாடகை அறையில்தான் தொடங்குகிறது. அறை ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. இயந்திரம் யாரிடம் இருந்தது, தட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதுதான் பிரச்சினை. கிராமஃபோன் பெட்டி எந்தத் திண்ணையில் இருந்ததோ அந்தத் திண்ணைக்குப் பிடித்ததுதான் தட்டில் ஏறியது. சேரியில் பெட்டி இல்லை.

1980களில் கேசட் வந்த பிறகுதான் இது உடைஞ்சது. டேப் ரிக்கார்டர் மலிவு, கேசட் மலிவு, நகல் எடுப்பது அதைவிட மலிவு. மராட்டியத்தில் டிசம்பர் 6 அன்று தாதர் சைத்திய பூமியில் கூடுகிற லட்சக்கணக்கான மக்கள் பாபாசாகேப் படத்தோடும் புத்தகத்தோடும் பீம் பாட்டுக் கேசட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, நாமெல்லாம் பறட்டை அண்ணன் என்று சொல்வோமே அவர், கர்நாடக ராகத்தையும் கீர்த்தனையையும் விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டில், கூலிக்காரன் பேசுகிற தமிழில் பாட்டுக் கட்டினார். அவர் 2005-இல் மறைந்தார். பாட்டுகள் கேசட்டில் ஏறி ஊர் ஊராகப் போயின. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. அதைக் கேட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் அன்றைக்கே செல்போனில் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். கருவி மலிவாகும்போதெல்லாம் நம்ம குரல் வெளியே வருது. இதுதான் நூறு வருஷத்துப் பாடம்.

இன்னொரு விஷயம் சட்டம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' யார்? பாடினவர் இல்லை, அடித்தவர் இல்லை. தயாரிப்பாளர். தயாரிப்பாளர்னா யாரு? அந்தப் பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கிட்டவர். அவ்வளவுதான். உங்க பாட்டி பாடின நடவுப் பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஊர்ச் சொத்து. ஆனா ஒருத்தர் வந்து அதை மைக் வச்சுப் பிடிச்சு வெளியிட்டா, அந்தப் பதிவு 60 வருஷத்துக்கு அவருடையது. பாட்டி செத்துப் போவா, பேத்தி கிழவியாவா, பதிவு அவர்கிட்டயே இருக்கும். நிலம் விஷயத்தில் நமக்கு இது பழகின கதை. பாடுபடுறது ஒருத்தர், பட்டா ஒருத்தர் பேர்ல.

அதனால நான் சொல்ல வருவது ஒண்ணுதான். முன்முயற்சியும் பொறுப்பும் நம்மளே எடுத்துக்கணும். அதுக்கு லட்சக்கணக்கில் காசு வேண்டாம். எங்க குழு முப்பதாயிரம் ரூபாய்க்குள்ள செஞ்சது. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல அறை. நம்மில் பாதிப்பேர் தொகுப்பு வீட்டில் இருக்கிறோம். மிச்சப்பேர் வாடகை வீடு. வாடகை வீடு கேட்டுப் போனால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி உள்ளே போனபிறகு பறையை வேறு எடுத்தால் மறுநாள் சாமான் தெருவில் கிடக்கும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள்ளே சத்தம் நல்லா கேட்கும்படி செய்வது வேற வேலை. மெத்தை, போர்வை, சேலை எல்லாம் இரண்டாவது வேலையைத்தான் செய்யும். முதல் வேலைக்குக் கனமான சுவர் வேணும், காத்துகூடப் புகாத கதவு வேணும். அது நம்ம கையில இல்லை. ஆகவே தெளிவா முடிவு பண்ணுங்க: குரல் வீட்டுக்குள்ளே, பறை வெளியே.

குரலுக்கு அறையைத் தயார் பண்ணுவோம். அறைக்கு நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டுங்கள். 'டர்ர்ர்'னு ஒரு அதிர்வு கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி தட்டி விளையாடுகின்றன என்று அர்த்தம். பத்துக்குப் பத்து சிமெண்டு அறைதான் இருப்பதிலேயே மோசம். நாலு சுவரும் ஒரே தூரம். ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறையே கூடச் சேர்ந்து முனகும். அதனால அறைக்குச் சரியா நடுவுல பாடக்கூடாது, மூலையிலயும் பாடக்கூடாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள். ஒட்டாதீங்க. மெல்லிசான அட்டை, சத்தத்தை விழுங்கவே விழுங்காது, நெருப்புதான் சீக்கிரம் பிடிக்கும். பஞ்சு மெத்தை நல்லது. சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் இன்னும் கீழ்ச் சுருதிச் சத்தத்தையும் விழுங்கும். பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு மெத்தை, பக்கத்துக்கு ஒண்ணு, தரையில் சமக்காளம். சேலை அடுக்கின பீரோ இருந்தால் கதவைத் திறந்து வையுங்க, அதுவும் மெத்தைதான்.

கூரை வீட்டில் இருக்கிற தோழர்கள் யோசிச்சுப் பாருங்க. கீற்று, வைக்கோல், மண்சுவர், மூணும் சத்தத்தை விழுங்கும். காசு கொடுத்துச் செய்யற வேலையை உங்க வீடு சும்மா செய்யும். கூரை வீடே நல்லதுன்னு நான் பாட வரல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை வச்சு எரிச்சது ஒரு கூரை வீட்டுக்குள்ளதான். நமக்கு எல்லாருக்கும் சிமெண்டு வீடு வேணும். ஆனா இன்னைக்கு இருக்கிற வீட்டில் என்ன முடியுமோ அதைச் செய்யாமல் நாளைக்கு வரப்போகிற வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது கருவி. ஒரு பழைய லேப்டாப். அது குழுவில் யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கும். மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கிற பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ்ன்னு பேரு. ரெண்டு மைக் போடுகிற பெட்டி போதும். இதுதான் பெரிய செலவு. அதுவும் பழசாக் கிடைக்கும். மைக் ரெண்டு வகை. டைனமிக் மைக் முரட்டுத்தனமானது. கீழே விழுந்தாலும் தாங்கும், எவ்வளவு சத்தத்தையும் தாங்கும். மேடையில் கையில் பிடிப்பது அதுதான். கண்டென்சர் மைக் நுணுக்கமானது. அதுக்கு அந்தப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போகணும், அதுக்குத் தனி பட்டன் இருக்கும். குரலுக்குக் கண்டென்சர், பறைக்கு டைனமிக், இப்படி ஒவ்வொண்ணு போதும். காதை முழுசா மூடுகிற ஹெட்ஃபோன் ஒண்ணு. மூடலேன்னா அதிலிருந்து கசியறதும் பதிவாயிடும். ஸ்டாண்டு ரெண்டு, ஒயர் ரெண்டு. இவ்வளவுதான் கடைச் சாமான்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் சும்மா வச்சுப் பார்க்கலாம், பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு 60 டாலர். திருட்டு மென்பொருள் வேண்டாம். அதோட வர்ற வைரஸ் மொத்தப் பதிவையும் தின்னுடும்.

லேப்டாப்பும் இல்லையா? செல்போனில் ஆரம்பிங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. செல்போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பறை ஓங்கி விழுந்தா அமுக்கும், இடைவெளி விட்டா மூச்சைப் பெருசாக்கும். அந்த வசதியை நிறுத்தி வைக்கிற செயலிகள் உண்டு. அதில் 'வேவ்' வடிவத்தில் பதியுங்க, எம்பி3 வேண்டாம்.

இனி பறை. இங்கதான் நான் கத்துக்கிட்டது அதிகம். எங்க ஊர்ல எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர். அவர் சிம்புக்குச்சி தோல்ல விழற சத்தம் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். சேரிக்குப் பின்னால களத்துமேட்டுல முதல் பதிவு. ஆறு பேர் வட்டமா நின்னாங்க. மைக்கைக் கிட்ட வச்சிருந்தேன். பெரியவர் அடிச்சா மத்த அஞ்சு பேரும் காணாமப் போறாங்க. ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, "தாத்தா, நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னேன். அவர் பறையைத் தோள்லேர்ந்து இறக்கிட்டு என்னைப் பார்த்தாரு. கோபம் இல்ல. சிரிச்சுக்கிட்டே, "இங்கயுமாடா தள்ளி நிக்கச் சொல்ற?"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. டீக்கடையில், கோயில் வாசலில், சாவு வீட்டில், ஒரு ஆயுசு பூராவும் கேட்ட வார்த்தையை அவர் பேரன் வயசுள்ள நான், அதுவும் விடுதலைக்குன்னு மைக் வச்சவன், சொல்லிட்டேன். எல்லா ஒலிப்பதிவுப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு. மின்சாரப் பதிவு 1925-இல்தான் வந்தது. அதுக்கு முந்தி குழாய்க்கு முன்னால நின்னு வாசிச்ச காலத்துலயும், சத்தமான வாத்தியக்காரனைப் பின்னாலதான் நிறுத்தினாங்க. அது ஒரு வழி. ஒரே வழி இல்ல.

யோசிச்சேன். ஆளைத் தள்ளாம மைக்கைத் தள்ளினா என்ன? மைக் அரை மீட்டர்ல இருந்தா, முன்னால நிக்கிறவருக்கும் பின்னால நிக்கிறவருக்கும் தூர வித்தியாசம் பெருசு. அதையே நாலு மீட்டருக்குக் கொண்டுபோனா எல்லாரும் ஏறத்தாழ ஒரே தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். மைக்குக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். வட்டம் வட்டமாவே இருக்கும், ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கிட்டே அடிக்கலாம். பறையில தாளம் கண்ணு வழியாத்தானே போகுது. அன்னையிலேர்ந்து எங்க குழுவுல அதுதான் விதி. ஆள் தள்ளி நிற்க மாட்டார். தள்ளி நிற்க வேண்டியது மைக்தான்.

களத்துமேட்டில் பதிவதால் வேற நன்மையும் உண்டு. சுவர் இல்லை, எதிரொலி இல்லை. வைக்கோல் மூட்டலாம். தோலை முதல் அடிக்கு முன்னால காய்ச்சினா போதாது, ஒவ்வொரு அடவுக்கு நடுவிலும் காய்ச்சணும். முதல் பறை நல்லா ஏறி இருக்கும்போது ஒரே ஒரு அடியைத் தனியாப் பதிஞ்சு வச்சுக்கங்க. அடுத்தடுத்த பதிவுக்கு முன்னால அதைப் போட்டுக் கேட்டு, தோல் அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க. இல்லேன்னா வெட்டி ஒட்டும்போது ஒண்ணோட ஒண்ணு சேராது. நெருப்பை ஒயரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் தூரமா வச்சுக்கங்க. காத்துக்கு மைக் தலையில் பஞ்சுக் குல்லா போடுங்க. சாயங்காலம் பூச்சிச் சத்தம் கிளம்பறதுக்கு முன்னால முடிச்சுடுங்க.

தனிப் பறை ஒண்ணைப் பதியறதா இருந்தா ரெண்டு மைக் வைக்கலாம், முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. முன்பக்கம் குச்சியின் வெட்டு கேட்கும், பின்பக்கம் சட்டத்துக்குள்ளே உருளுகிற கனம் கேட்கும். ஆனா தோல் உள்ளே அமுங்கும்போது ஒரு மைக்குக்கு அது போறது, மறு மைக்குக்கு அது வர்றது. ரெண்டையும் அப்படியே சேர்த்தா ஒண்ணை ஒண்ணு தின்னு கனம் செத்துப்போகும். மென்பொருளில் ஒரு தடத்தை மட்டும் தலைகீழாகத் திருப்ப ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிக் கேளுங்க, அந்த நிமிஷமே வித்தியாசம் புரியும்.

அளவு வைக்கிறது முக்கியம். கணினியில் சத்தத்துக்குப் பூஜ்யம் டெசிபல்தான் கூரை. அதில் முட்டினால் ஒலி உடையும், பிறகு எந்த வைத்தியமும் கிடையாது. பறையோட அடி ஊசி மாதிரி ஒரு கணத்தில் உயரும். "மெதுவா ஒரு தடவ அடிங்க பாப்போம்"னு கேட்டு அளவு வைக்காதீங்க. மருள் அடி அடிக்கச் சொல்லுங்க, சாமி இறங்குகிற வேகத்தில். அப்போதும் முள் மைனஸ் 12-ஐத் தாண்டாத மாதிரி வையுங்க. உண்மைப் பதிவுல இன்னும் ஓங்கி விழும், அதுக்கு அந்த இடம் வேணும். 24 பிட்டில் பதிஞ்சா சத்தம் குறைவா இருந்தாலும் பிறகு கூட்டிக்கலாம்.

அந்த ஸ்டுடியோவில் 'மெதுவா அடிங்க' என்றாரே, இதுதான் அதற்குப் பதில். பறையைக் குறைக்க வேண்டியதில்லை. மைக்கின் வாயைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

குரலுக்கு வர்றேன். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம். நடுவில் எம்பிராய்டரி வளையத்தில் பழைய துப்பட்டாவைக் கட்டி வையுங்க, 'ப' 'ப' என்று காத்து மோதுவது நிற்கும். ஃபேனை நிறுத்துங்க. ஃப்ரிஜ் இருந்தா அதையும். நிறுத்திட்டு வண்டிச் சாவியை ஃப்ரிஜ்ஜுக்குள்ளேயே வையுங்க, அப்பத்தான் கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீங்க. 'ம்ம்ம்'னு ஒரு முனகல் கேட்டா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க, பல வீட்டுல அதோட நின்னுடும்.

எங்க சின்னம்மா ஒப்பாரி பாடுவாங்க. சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாதுன்னு முதல்ல மறுத்துட்டாங்க. நான் வற்புறுத்தல. ஒரு மாசம் கழிச்சு அவங்களே வந்தாங்க, "எங்க ஆத்தாளை நெனச்சுப் பாடுறேன், போடு"ன்னாங்க. பாதியில் அழுதாங்க. நிறுத்தவான்னு கையால கேட்டேன். வேணாம்னு தலையாட்டினாங்க. அந்த மூச்சு, மூக்கு உறிஞ்சினது, முந்தானையால முகம் துடைச்ச சத்தம், எல்லாம் பதிவுல இருக்கு. ஒண்ணையும் நாங்க வெட்டல. சுத்தம் பண்றோம்னு சொல்லி மூச்சை வெட்டறது, சுருதியைக் கணினியில் நிமிர்த்தறது, இதெல்லாம் எந்த அழகியல்? 'சுத்தம்' என்கிற வார்த்தையே நம்மை வெளியே நிறுத்தப் பயன்பட்ட வார்த்தை. பாட்டிலும் அதைச் சந்தேகத்தோடதான் பார்க்கணும். ஒண்ணு மட்டும் செஞ்சோம். முழுசையும் சின்னம்மாவுக்குப் போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம், எது வீட்டோட இருக்கணும்னு அவங்களையே சொல்ல வச்சோம். ரெண்டு பாட்டு வீட்டோடதான் இருக்கு.

கலவை செய்யும்போது கை அடக்கம் வேணும். ஆட்டோவில், பஸ்ஸில், செல்போனில், கோயில் குழாய் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்க. நம்ம மக்கள் அதில்தான் கேட்பாங்க. பறையின் வெட்டு 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கு. 'காதைக் குத்துது' என்று சொல்லி முதலில் குறைப்பது அதைத்தான். குறைச்சா பறை டப்பா ஆயிடும். அதே மாதிரி எல்லாத்தையும் அமுக்கிச் சத்தம் கூட்டுற பழக்கமும் வேண்டாம். யூட்யூபும் ஸ்பாட்டிஃபையும் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறக்கிடுது. அமுக்கி ஏத்தினதுக்கு மிச்சம், உயிர் போனதுதான்.

கடைசியாக, மைக்கைவிட முக்கியமான கருவி: ஒரு நோட்டுப் புத்தகம். பதிவு நடந்த தேதி, இடம், யார் பாடினாங்க, யார் எந்தப் பறை அடிச்சாங்க, பாட்டு யார்கிட்ட கத்துக்கிட்டது, காசு வந்தா எப்படிப் பங்கு. எல்லாத்தையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். கைநாட்டா இருந்தா கைநாட்டு. சொந்தக்காரங்களுக்குள்ள என்ன எழுத்துன்னு கேக்காதீங்க. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் பூரா போச்சு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிப் பாடிய பாட்டு. அதே வருஷம் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் இல்லாமப் போனதும், அதைக் கேட்டு எழுந்த குரல்களும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு தெரிஞ்ச கலைஞனுக்கே அப்படின்னா, களத்துமேட்டுத் தாத்தாவுக்கு என்ன நடக்கும்? 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 38பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நிகழ்த்துகிற கலைஞனுக்குத் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற உரிமை அதில் இருக்கு. கேட்கணும்னா முதல்ல எழுதி வச்சிருக்கணும். 'குழுவினர்'னு போடாதீங்க, பேரைப் போடுங்க.

பதிவை மூணு இடத்தில் வையுங்க, அதில் ஒண்ணு வேற ஊரில். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ரெண்டு தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான். பெரிய இடம் ஒண்ணும் பிடிக்காது. 1990களில் கலை இரவுகளில் பிடித்த கேசட்டுகள் பல வீட்டுப் பரணில் பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையா அதை இறக்கி, ஓடற டேப் ரிக்கார்டர் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, இந்தப் பெட்டி வழியா ஏத்துங்க.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. பறையே வேண்டாம், அது நம்ம மேல சுமத்தின இழிவு, தூக்கி எரிங்க என்று சொல்கிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம்னு மறுத்து உதை வாங்கினவங்க கோபம் அது. அந்தக் கோபத்தோட நான் சண்டை போட மாட்டேன். கூப்பிட்டவுடனே போய் அடிக்கிற பறையை நானும் அடிக்க மாட்டேன். ஆனா யார் கூப்பிட்டு, எங்கே, யாருக்காக அடிக்கிறோம் என்பதை நாம முடிவு பண்ற இடம் ஒண்ணு வேணும். அந்தப் பத்துக்குப் பத்து அறையும் களத்துமேடும் அப்படி ஒரு இடம். அங்கே மறுக்கலாம், நிறுத்தலாம், திரும்ப அடிக்கலாம். பறைதல்னா சொல்லுதல். சொல்றவன்தான் எப்போ சொல்லணும்னு முடிவு பண்ணணும்.

அந்தத் தாத்தா இப்போ இல்லை. போன தை மாசம் போயிட்டாரு. அவர் சாவுக்கு ஊர்லேர்ந்து யாரும் அடிக்க வரல, நாங்கதான் அடிச்சோம். பதினாறாம் நாள் அவர் பேத்தி வந்து, அந்தப் பதிவைப் போடச் சொன்னா. போட்டேன். ஆறு பறையில் எது தாத்தாவோடதுன்னு கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்காம, "இது"ன்னா. நோட்டைத் திறந்து அவர் பேரைக் காட்டினேன். தன் பேரையும் எழுதச் சொன்னா, அடுத்த பதிவுக்கு. எழுதியிருக்கேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பெட்டியையும் மைக்கையும் வெளியே மரத்தடியில வைக்கிறேன். வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது ஹெட்ஃபோனைப் போட்டுப் பாருங்க. யாரும் தள்ளி நிக்க வேண்டாம்.

ஜெய்பீம்.